கண் திறந்த படம்

திருச்சுழி
14.6.1998

அன்புள்ள தம்பி ராஜகுருவுக்கு,

அக்கா தங்கச்செல்வி எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குப் படுக்கிறோம். துக்க வீட்டில் இதற்கு மேல் சுகம் ஒன்றும் விசாரிக்காதே. என் உடம்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். நாலாம் மாதம் நடக்கிறது. வாந்தி குறைந்துவிட்டது. வத்தல் கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்ட பாவத்துக்கு, வீட்டு வாசல் வரைக்கும் மிளகாய் மூட்டையை அடுக்கி வைத்திருக்கிறார்கள். பிள்ளை வயிற்றுக்குள்ளேயே தும்மிக்கொண்டு பிறக்கும் என்று நினைக்கிறேன்.

நீ கொடுத்துவிட்ட படம் வியாழக்கிழமை வந்தது. மதுரையில் லோடு இறக்கிவிட்டுத் திரும்பிய லாரியில், டிரைவர் அதைத் தன் சீட்டுக்குப் பக்கத்திலேயே நிறுத்தி வைத்துக் கொண்டுவந்தாராம். காரியாபட்டி தாண்டியதும் அந்தப் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது என்று சொல்லிவிட்டு, கொடுத்த டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

துணியை அவிழ்த்ததும் என் மாமியார் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. கொழுந்தன் மோட்டாரில் ஷாக் அடித்துச் செத்த நாளிலிருந்து பச்சைத் தண்ணீர் இறங்காமல் கிடந்த மனுசி, படத்தின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எம் மகன் என்னையப் பாக்குறான், எய்யா கருத்தப்பாண்டி, கண்ணு முழிச்சிட்டியாய்யா என்று சிரித்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம் தானாகவே தட்டைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து சோறு கேட்டார்கள். உன் மச்சான் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு கடைக்குள் போய்விட்டார்.

உன் கைவேலையைக் குறை சொல்ல முடியாதுடா. உயிரோடு இருந்த வரைக்கும் கேமராவைக் கண்டால் கொல்லைப்பக்கம் ஓடிய ஆள் அவர். ஓட்டுக்கு அட்டை கொடுக்கப் படம் எடுத்த அன்றும் லோடோடு விருதுநகர் போய்விட்டார். கடைசியில் சேரில் சாய்த்து உட்கார வைத்து எடுத்த சாவுப் படம் ஒன்றுதான் மிஞ்சியது. அதில் தாடையைக் கட்டிய துணியும் நெற்றிக் காசும் மூடின கண்ணும் எப்படி இருந்தன என்று எனக்குத் தெரியும். அதையெல்லாம் எடுத்துவிட்டு, சட்டை மடிப்பைக்கூடச் சரிசெய்து, இப்போதுதான் கடையிலிருந்து வந்து உட்கார்ந்தவர் மாதிரி ஆக்கிவிட்டாய். முன்னெல்லாம் ஸ்டூடியோவில் பிரஷ்ஷால் வரைந்து கண் திறப்பார்கள். அது பொம்மைக் கண்ணாக இருக்கும். இது கம்ப்யூட்டரில் செய்தது, அப்படி இல்லை.

இது வரைக்கும் சந்தோஷம். மறுநாள் உன் கடிதம் வந்தது. நல்லவேளை, தபால்காரர் என் கையில் கொடுத்தார். படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடப் பாவிப் பயலே, என் கண்ணையா எடுத்துக் கொழுந்தன் முகத்தில் வைத்தாய்?

பொங்கலுக்கு வந்தபோது, பாடத்துக்கு வேண்டும் என்று இரவல் கேமராவை வைத்துக்கொண்டு இந்தத் தெருவையே படம் பிடித்தாயே, அப்போதே எனக்குச் சந்தேகம். டீக்கடை சோணைமுத்து அண்ணன் தலையைப் பயில்வான் உடம்பில் ஒட்டினாய், பக்கத்து வீட்டுச் சந்தனத்தக்காவின் பொக்கை வாயில் பல் வரிசை வைத்தாய். அதெல்லாம் விளையாட்டு. தெருவில் எல்லாரும் வெயிலைப் பார்த்து நின்று கண்ணைச் சுருக்கிவிட்டார்கள், நிழலில் நின்று நேராகப் பார்த்தது நீ மட்டும்தான் அக்கா, சாவுப் படமும் பந்தல் நிழலில் எடுத்தது, வெளிச்சம் சரியாக ஒட்டிக்கொண்டது என்று பரீட்சையில் பாஸானவன் மாதிரி எழுதியிருக்கிறாய். நான் நேராகப் பார்த்தது படத்துக்காக இல்லை. நடுவாசலில் நின்று வழியை மறிக்காதே என்று உன்னைத் திட்டுவதற்காகப் பார்த்தேன்.

மையை அழித்தாயாம், இமை முடியைக் குறைத்தாயாம், புருவத்தைத் தடிமனாக்கினாயாம். இவ்வளவு செய்தவன் என் இடது கண் இமை கொஞ்சம் இறங்கி இருப்பதையும் அப்படியே வைத்திருக்கிறாய். கொழுந்தனுக்கு உருண்டைக் கண். இரண்டும் ஒன்றுபோல முழித்துக்கொண்டு இருக்கும். இங்கே ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அத்தை அந்த இறங்கின இமையைத் தடவிக்கொண்டு, தூக்கக் கலக்கத்துல இப்படித்தான் பாப்பான் என்கிறார்கள்.

உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். நீயும் இதை யாரிடமும் சொல்லாதே. உன் வாத்தியாரிடம் பெருமை பேசியிருந்தால் இதோடு நிறுத்திக்கொள். அத்தை சாப்பிட ஆரம்பித்திருக்கிறார்கள். அந்தக் கண் அவர்கள் மகனுடையதாகவே இருக்கட்டும். எனக்கு அதனால் ஒன்றும் குறைந்துபோகாது. காலையில் படத்துக்கு விளக்கேற்றும்போது மட்டும் நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

வெளிச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள். படிப்பை ஒழுங்காக முடித்து, உயிரோடு இருக்கிறவர்களைப் படம் பிடித்துப் பிழைக்கிற வழியைப் பார். நீ நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிடுகிறேன்.

உன் அக்கா,
தங்கச்செல்வி


திருச்சுழி
2.5.1999

தம்பி ராஜகுருவுக்கு,

பிள்ளை பிறந்த சேதிக்குப் பிறகு உனக்கு நான் எழுதவே இல்லை என்று கோபித்திருந்தாய். எழுத நேரம் இல்லாமல் இல்லை. எதை எழுதுவது என்று தெரியவில்லை. இன்று உன் மச்சான் விருதுநகர் சந்தைக்குப் போயிருக்கிறார், அத்தை கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். பிள்ளை தூங்குகிறான். அதனால் எழுதுகிறேன்.

பிள்ளை நன்றாக இருக்கிறான். குப்புற விழுகிறான். பசித்தால் ஊரைக் கூட்டுகிறான். கருத்தப்பாண்டி என்று அத்தைதான் பேர் வைத்தார்கள். செத்தவர் பேரை வைப்பது நம் பக்கத்திலும் உள்ளதுதானே என்று அப்பாவும் சும்மா இருந்துவிட்டார். எல்லாரும் பாண்டி என்று கூப்பிடுகிறோம்.

நம் வீட்டில் மூன்று மாதம் இருந்து நான் பிள்ளையோடு இங்கே திரும்பிய அன்றுதான் ஆரம்பித்தது. அதுவரை பச்சைக் குழந்தை முகத்தில் என்ன தெரியும்? அத்தை ஆரத்தி எடுத்து உள்ளே கூட்டி வந்து, பிள்ளையைத் தூக்கிப் படத்துக்கு நேரே பிடித்தார்கள். பிள்ளை கண்ணைத் திறந்து பார்த்தான். இடது இமை கொஞ்சம் இறங்கியிருந்தது. என் கண் என் பிள்ளைக்கு வந்திருக்கிறது, வேறு என்ன? ஆனால் அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்து, எம் மகன் வந்துட்டான், அதே கண்ணு, அதே இமை என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். சந்தோஷத்தில் அழுதார்கள். நானும் முட்டாள் மாதிரி சிரித்துக்கொண்டு நின்றேன்.

அதிலிருந்து வருகிறவர் போகிறவர் எல்லாரையும் படத்துக்கு முன்னால் நிறுத்திப் பிள்ளையைக் காட்டுவதே அவர்களுக்கு வேலை. பார்க்கிறவர்களும் ஆமாம் ஆமாம், சித்தப்பன் கண்ணு அச்சு அசல் என்கிறார்கள். போன மாதம் திதிக்குச் சொந்தம் பூராவும் வந்திருந்தது. காரியாபட்டியில் இருக்கிற உன் மச்சானின் சின்னம்மா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு படத்தையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். பந்தியில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, மூத்தவன் வாரம் ஒரு ராத்திரி விருதுநகர்ல கெடந்தான், எளையவன் வீட்டுலயே கெடந்தான், பிள்ளைக்கு யாரு ஜாடை வரும் என்று சொல்லிவிட்டு, ரசம் கேட்டு வாங்கினாள். நான்தான் ஊற்றினேன். அவள் சேலையில் கொஞ்சம் சிந்திவிட்டது. இன்னும் கொஞ்சம் சிந்தியிருக்கலாம்.

உன் மச்சானும் அந்தப் பந்தியில்தான் இருந்தார். அடுத்த நாள் கேட்டார். போன வருஷம் மாசி மாதம், அவர் லோடோடு போயிருந்தபோது, எனக்குத் தேள் கொட்டி, கொழுந்தன் வண்டியில் வைத்து அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார் இல்லையா, அதைக் கேட்டார். அத்தைதான் போகச் சொல்லி அனுப்பினார்கள். ஊசி போட்டு, ஒரு மணி நேரம் பெஞ்சில் படுக்க வைத்து, பிறகு திரும்பினோம். இது எல்லாருக்கும் தெரிந்த கதை. இப்போது, ஒரு ஊசி போட அந்தி சாயுற வரைக்கும் ஏன் ஆச்சு என்கிறார். தேள் எந்தக் காலில் கொட்டியது என்கிறார். சோற்றில் உட்கார்ந்தால் படத்தைப் பார்க்கிறார், தொட்டிலைப் பார்க்கிறார், பாதியில் கை கழுவிவிட்டு எழுந்து போகிறார். பிள்ளையைத் தூக்கி நாள் ஆகிறது. அவன் இவரைப் பார்த்துச் சிரிக்கிறான். இவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

எனக்கு ஆத்திரம் எதில் வருகிறது தெரியுமா தம்பி? இந்த வீட்டுக்கு வந்து அஞ்சு வருஷம் ஆகப் போகிறது. மூன்று வேளையும் இவர்களுக்கு எதிரே நின்று சோறு போடுகிறேன். என் இடது கண் இமை இறங்கியிருக்கும் என்பது இந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. கட்டின புருஷனுக்கும் தெரியவில்லை. படத்தில் இருக்கிற கண்ணைப் பார்க்கிறார்கள், பிள்ளை கண்ணைப் பார்க்கிறார்கள், நடுவில் நிற்கிற என் முகத்தை நிமிர்ந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. கொழுந்தனுக்கு உருண்டைக் கண் என்று ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அத்தை என்னை அடிக்காத குறைதான். பெத்தவளுக்குத் தெரியாத கண்ணா உனக்குத் தெரிஞ்சிருச்சு, அவ்வளவு பக்கத்துல போயி பாத்தியோ என்று கேட்டார்கள். 

இனி மறைத்து வைத்து ஆவதற்கு ஒன்றும் இல்லை. நீதான் வர வேண்டும். அந்த மூடின கண் படத்தையும், நிழலில் நின்று நான் உன்னைத் திட்டுகிற படத்தையும் எடுத்துக்கொண்டு வா. எப்படிச் செய்தாய் என்று உன் மச்சானுக்கு விளங்குகிற மாதிரி சொல். போன வருஷம் நான் உனக்கு எழுதிய கடிதம் இருந்தால் அதையும் கொண்டுவா. பரீட்சை இருக்கிறது, வாத்தியார் விட மாட்டார் என்றெல்லாம் எழுதாதே. அவர் மனசு இன்னும் முழுக்கக் கல்லாகவில்லை. நேற்று ராத்திரி பிள்ளை இருமியபோது எழுந்து வந்து தொட்டில் பக்கம் நின்றார். நான் முழித்திருப்பது தெரிந்ததும் போய்விட்டார். அந்த ஒன்றை நம்பித்தான் உன்னைக் கூப்பிடுகிறேன்.

சீக்கிரம் வா. அப்பாவிடம் ஒன்றும் சொல்லாதே. உனக்கு ஒரு குறையும் வராது.

உன் அக்கா,
தங்கச்செல்வி


பரளச்சி
22.8.1999

தம்பி ராஜகுருவுக்கு,

உன் கடிதம் அப்பா கைக்கு வந்து, அப்பா படித்து, பிறகு என்னிடம் கொடுத்தார். கம்ப்யூட்டரைத் தொட மாட்டேன், படிப்பை விட்டுவிட்டு எங்காவது மூட்டை தூக்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அம்மா அதைக் கேட்டுவிட்டு இரண்டு நாளாக அடுப்பு மூட்டவில்லை. இந்த வீட்டில் ஒருத்தி கெட்டது போதும். முதலில் இதைப் படி, பிறகு எந்த மூட்டையை வேண்டுமானாலும் தூக்கு.

நீ வந்த அன்று நடந்ததில் பாதியைத்தான் நீ பார்த்தாய். மூன்று படத்தையும் கூடத்தில் வரிசையாக வைத்து, இது இவர் முகம், இது அக்கா கண், இது இரண்டும் சேர்ந்தது என்று குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னாய். உன் மச்சான் குனிந்து பார்த்தார். அவர் முகம் இளகுவதை நான் பார்த்தேன். அந்த நேரத்தில்தான் என் மாமியார், செத்தவன் கண்ணையே மாத்துனவனுக்கு இவ படத்துல கண்ணை மாத்த எம்புட்டு நேரமாகும், எம் மகன் கண்ணை எடுத்து இவளுக்கு வச்சுக் கொண்டாந்திருக்கான் என்று சொன்னது. என் கடிதத்தைக் காட்டினாய். நேத்து எழுதியிருப்பா என்றார்கள். தபால் முத்திரையைக் காட்டினாய். அதையும் அந்த மெசினில் போட்டிருப்பான் என்றார்கள். நீ எதைக் காட்டினாலும் அதைச் செய்யத் தெரிந்தவன் நீதான் என்று ஆகிவிட்டது. உன்னைச் சட்டையைப் பிடித்து வெளியே விட்டார்கள்.

நீ போன பிறகு உன் மச்சான் என்னை ஜன்னல் பக்கம் கூட்டிப்போய், தாடையைப் பிடித்து நிமிர்த்தி, என் முகத்தைப் பார்த்தார். கல்யாணமாகி வந்ததிலிருந்து பட்டப்பகலில் அப்படிப் பார்த்தது அன்றுதான். ஆனால் அதற்கு முந்தின வாரம் முழுக்க நான் அழுதிருந்தேன். இரண்டு கண்ணும் வீங்கிப் போய் ஒரே மாதிரி கிடந்தன. ரெண்டும் ஒண்ணுபோலத்தான இருக்கு என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்துவிட்டார். வீக்கம் வடிந்ததும் பாருங்கள் என்று காலில் விழாத குறையாகச் சொன்னேன். கல்யாண ஆல்பத்தை எடுத்து வந்து போட்டேன். அதில் ஒன்றில்கூட நான் நிமிரவில்லை. மணப்பெண் நிமிர்ந்து பார்த்தால் அடக்கம் இல்லாதவள் என்பார்கள் என்று அம்மா காதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். எல்லாப் படத்திலும் குனிந்த தலையும் பூவும்தான்.

மறுநாளே வீக்கம் வடிந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை.

அதற்கு அப்புறம்தான் எனக்கு விளங்கியது தம்பி. அவளுக்கு உண்மை வேண்டாம். மாமியாரை அவள் என்று எழுதுகிறேன் என்று அப்பாவிடம் சொல்லாதே, இனி அவர்கள் என்று எழுதக் கை வராது. அந்தக் கண் என்னுடையது என்று ஒப்புக்கொண்டால் அவள் மகன் இரண்டாம் தடவை கண்ணை மூடிவிடுவான். அது மகனுடைய கண்தான் என்று வைத்துக்கொண்டால், பாண்டி அவன் பிள்ளையாகி விடுவான், கல்யாணம் ஆகாமல் செத்தவனுக்கு வாரிசு கிடைத்துவிடும். நடுவில் நான் வேசி ஆனால் அவளுக்கு என்ன? அம்மியில் அரைத்த கையோடு என்னிடமே சொன்னாள், நீ தப்புச் செஞ்சவதான், ஆனா எம் மகனுக்குத் தெவசம் பண்ண ஒரு உசிரக் குடுத்த, அதுக்காக உன்னைய வையமாட்டேன் என்று. மன்னிப்புக் கொடுக்கிற மாதிரி சொன்னாள். நான் கையில் இருந்த கரண்டியை வீசி எறிந்தேன். அவள் மேல் படவில்லை.

ஆடிப் பொங்கலுக்கு ரெண்டு நாள் உன் ஆத்தா வீட்டுக்குப் போயிட்டு வா, பிள்ளைக்குச் சளியா இருக்கு, பஸ்ஸுல வேண்டாம், நாங்க பாத்துக்குறோம் என்று நயமாகப் பேசித்தான் என்னை அனுப்பினார்கள். உன் மச்சான் பஸ் ஏற்றிவிடக்கூட வந்தார். ஜன்னல் வழியாகப் பழம் வாங்கிக் கொடுத்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மனசு மாறிவிட்டார் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் என் பெட்டியும் சேலைகளும் ஒரு லாரியில் வந்து இறங்கின. பிள்ளை வரவில்லை. அப்பாவும் நானும் போனோம். கதவு திறக்கவில்லை. உள்ளே பாண்டி அழுகிற சத்தம் கேட்டது. பசிக்கு அழுகிற அழுகை அது. சேலை முன்பக்கம் எல்லாம் நனைந்துபோய் அந்தத் தெருவில் நின்றேன். டீக்கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், பார்க்கக்கூடாது என்று. நல்ல மனுசன். மற்றவர்கள் பார்த்தார்கள்.

உன் மச்சானுக்கு மல்லாங்கிணற்றில் பெண் பார்க்கிறார்களாம். அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும் என்று சொல்லுகிற அளவுக்கு எனக்குப் பெருந்தன்மை இல்லை. போலீஸ், கோர்ட் என்று நீ எழுதியிருந்தாய். அப்பா கேட்கமாட்டார். கேஸ் என்று போனால் அந்தப் படத்தைக் கோர்ட்டில் வைப்பார்கள், ஜில்லா பூரா என் முகத்தையும் செத்தவன் முகத்தையும் சேர்த்துப் பார்க்கும் என்கிறார். நான் எவ்வளவோ கெஞ்சினேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

உன்னைத் திட்ட வேண்டும் என்று எத்தனையோ நாள் வாய் வரைக்கும் வந்தது. திட்டவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். இந்தக் கையால் சோறு ஊட்டி வளர்த்த பயல் என் குடியைக் கெடுத்தானே என்று மண்ணை வாரித் தூற்றியிருக்கிறேன். பிறகு அழிரப்பர் போட்டு அழிக்கிற மாதிரி, அது பலிக்கக்கூடாது என்றும் சாமியிடம் சொல்லிவிட்டேன். ஒரு தாய்க்கு மகன் முகத்தைக் கொடுக்கத்தானே நீ நினைத்தாய். அது உன் தப்பு இல்லை. தப்பாக இருந்தாலும் இனி உன்னோடு சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை.

இப்போது எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். நேற்றுத் திருச்சுழியிலிருந்து சந்தனத்தக்கா வந்திருந்தாள். என் மாமியார் சொல்லி அனுப்பியிருக்கிறாள். பாண்டியை அருப்புக்கோட்டை ஸ்டூடியோவுக்குத் தூக்கிப்போய்ப் படம் எடுத்திருக்கிறாளாம். அதை வைத்து, அவள் சின்ன மகன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு பெரிய படம் வேண்டுமாம். வேறு யாரிடமும் கொடுக்க மாட்டாளாம். அவனைக் கண் திறக்க வைத்தவன்தான் செய்ய வேண்டுமாம். செய்து கொடுத்தால் மாதம் ஒரு தடவை, வெள்ளிக்கிழமையாகப் பார்த்து, கொல்லை வாசல் வழியாக வந்து பிள்ளையை நான் பார்த்துவிட்டுப் போகலாமாம். தூக்கலாமா என்று கேட்டுவரச் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் படம் கூடத்தில் மாட்டப்படும் என்று எனக்குத் தெரியும். பாண்டி அதைப் பார்த்துத்தான் வளருவான். அதில் இருக்கிறவரை அப்பா என்பான். என்னைப் பற்றி என்ன சொல்லி வளர்ப்பார்கள் என்பதும் தெரியும். அதைச் செய்தால் நாம் ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும் என்று நீ சொல்லுவாய். ஆகட்டும். ஒப்புக்கொள்ளாமல் மானத்தோடு இருந்து எனக்கு என்ன கிடைத்தது? பால் கட்டி, காய்ச்சல் வந்து, மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டிக்கொண்டு படுத்திருந்தேன். இப்போது வற்றிவிட்டது. இனி அவன் என்னிடம் பசிக்கு வரமாட்டான். முகமாவது மறக்காமல் இருக்க வேண்டும்.

அதனால் செய்து கொடு. கோபத்தில் கோணலாகச் செய்துவிடாதே. அவளுக்குப் பிடிக்காமல் போனால் வெள்ளிக்கிழமை இல்லை என்பாள். உனக்குத் தெரிந்த வித்தை எல்லாவற்றையும் காட்டு. பாண்டி உட்கார்ந்தால் பின்பக்கமாகச் சரிகிற பிள்ளை. அவர் கை அவன் முதுகைத் தாங்கிப் பிடித்த மாதிரி வை. சட்டைப் பொத்தான் முகத்தில் உரசாமல் பார்த்துக்கொள். உனக்கு இதெல்லாம் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். எனக்கு அப்படி இல்லை.

படிப்பை விட்டுவிடாதே. நீ ஒரு ஸ்டூடியோ போட்டு, கல்யாணம் கட்டி, பிள்ளை குட்டியோடு நூறு வருஷம் நன்றாக இருப்பாய். என் வாயால் சொல்கிறேன், இது பலிக்கும்.

ஸ்டூடியோவில் எடுத்த படம் உன் கைக்கு வந்ததும், அவரைப் பக்கத்தில் சேர்ப்பதற்கு முன்னால், பிள்ளையை மட்டும் தனியாக ஒரு பிரிண்ட் போட்டு எனக்கு அனுப்பு. சின்னதாக இருந்தாலும் போதும். பல் வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

உன் அக்கா,
தங்கச்செல்வி